கடல்மலைக் கனிம ஓட்டின் வயதைக் கணிப்பது எப்படி? மாதிரி கேட்கும் கடிதத்திலிருந்து வயது அட்டவணை வரை

உங்கள் மேசையில் உள்ளங்கையளவு கறுப்புக் கல் ஒன்று இருக்கிறது. ஏதோ ஒரு கடல்மலையின் சரிவிலிருந்து வந்தது. அதிலுள்ள கனிம ஓட்டின் வயதைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

கடல்நீரில் கரைந்திருக்கும் மாங்கனீசும் இரும்பும், வண்டல் மூடாத பாறைமேல் அணு அணுவாகப் படிந்து இந்த ஓடு உருவாகிறது. பத்து லட்சம் ஆண்டுகளுக்கு 1 முதல் 5 மி.மீ. வரை வளர்வது வழக்கம். ஆகவே 5 செ.மீ. தடிமனுள்ள ஓட்டில் பல கோடி ஆண்டுக் கடல் வரலாறு அடங்கியிருக்கலாம். அதன் முழுத் தடிமனையும் ஒரே கருவியால் படிக்க முடியாது. மேல் ஒரு மி.மீ.க்குத் தோரியம், மேல் ஓரிரு செ.மீ.க்குப் பெரிலியம், அதற்குக் கீழே ஆஸ்மியம், இடையிடையே கோபால்ட் கணக்கு என்று பங்கு பிரித்துத்தான் வேலை நடக்கும்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் பெரிலியம் பற்றிப் படித்ததும், அரிய அணுக்களை எண்ணும் முடுக்கிக் கருவியில் இடம் கேட்கப் போகிறார்கள், அல்லது துளைப்பானைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். செலவு குறைந்த வேலைகளை முதலில் முடியுங்கள். எங்கே துளையிடக் கூடாது என்பதை அவைதான் சொல்லும். ஒருமுறை தூளாகிய அடுக்கை மறுபடி ஒட்டவைக்க முடியாது.

1. மாதிரியும் அதன் காகிதங்களும்

சொந்தமாகக் கப்பல் ஏறித்தான் மாதிரி எடுக்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம், ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனம் போன்ற இடங்களில் பழைய கப்பல் பயணங்களின் பாறைகளைப் பாதுகாத்து, ஆய்வாளர்கள் கேட்டால் துண்டு வெட்டித் தருகிறார்கள். இந்தியாவில் கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனம், இந்தியப் பெருங்கடலின் அஃபனாசி நிகிதின் கடல்மலை ஓடுகளை நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறது. இலங்கைக்குத் தெற்கே, நிலநடுக்கோட்டைத் தாண்டி இருக்கும் மலை அது.

கோரிக்கைக் கடிதத்தில் நான்கு விஷயங்கள் தெளிவாக இருக்கட்டும்: எந்த மாதிரி எண், எத்தனை கிராம், எந்த முறையில் அளக்கப்போகிறீர்கள், மிச்சத்தை என்ன செய்வீர்கள். "சில துண்டுகள் வேண்டும்" என்று எழுதினால் பதில் தாமதமாகும். "மேற்பரப்பும் அடிப்பாறையும் சேர்ந்த, குறைந்தது 3 செ.மீ. அகலமுள்ள முழுக் குறுக்குவெட்டுத் துண்டு ஒன்று" என்று எழுதுங்கள். மேற்பரப்பு இல்லாத துண்டு வந்தால் பெரிலியம் கணக்குக்குத் தொடக்கப் புள்ளியே இருக்காது.

மாதிரியோடு சேர்த்து வாங்கவேண்டிய தகவல்கள்:

- கப்பல் பயண எண், நிலைய எண், மாதிரிக்கு ஐஜிஎஸ்என் எண் (உலகளாவிய மாதிரி அடையாள எண்) இருந்தால் அதுவும்
- இழுவைக் கூடை தரையைத் தொட்ட இடம், விட்ட இடம் இரண்டின் அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம்
- கூடையில் வந்ததா, தொலை இயக்கு ஊர்தியின் கையால் எடுத்ததா
- யாருடைய கடற்பரப்பு, எந்த அனுமதியின்பேரில் எடுக்கப்பட்டது

இரண்டாவதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. இழுவைக் கூடை சரிவில் பல நூறு மீட்டர் உயரம் ஏறியபடி கல் பொறுக்கும். "ஆழம் 1970–2390 மீட்டர்" என்று பதிவிருந்தால், உங்கள் கல் அந்த 420 மீட்டரில் எங்கிருந்தும் வந்திருக்கலாம். சராசரியை எடுத்து ஒற்றை எண்ணாக எழுதாதீர்கள்.

நான்காவதும் முக்கியம். அஃபனாசி நிகிதின் பகுதியில் கோபால்ட் ஓடுகளை ஆராய்வதற்கு இந்தியா 2024 ஜனவரியில் சர்வதேசக் கடற்படுகை ஆணையத்திடம் விண்ணப்பித்தது. நீட்டிக்கப்பட்ட கண்டத்திட்டு என்று இலங்கை கோரும் பரப்போடு அந்த இடம் சிக்கிக்கொண்டிருக்கிறது. இத்தகைய இடத்து மாதிரிக்கு அனுமதிச் சான்று இல்லாமல் ஆய்விதழுக்குப் போனால் நடுவழியில் நிற்க வேண்டிவரும்.

வெளிநாட்டிலிருந்து பொதி வருவதானால், "வணிக மதிப்பற்ற புவியியல் ஆய்வு மாதிரி, மீண்டும் விற்பனைக்கு அல்ல" என்ற கடிதத்தை நிறுவனத்தின் முத்திரையோடு பொதிக்குள் ஒன்று, வெளியே ஒன்று வைக்கச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் கல் சுங்கக் கிடங்கிலேயே உட்கார்ந்துவிடும்.

2. மேல்பக்கம் எது என்று உறுதிசெய்யுங்கள்

கூடையில் உருண்டு வந்த கல்லுக்கு மேல்கீழ் தெரியாது. நல்ல வெளிச்சத்தில் கைலென்ஸ் வைத்துப் பாருங்கள். கடல்நீரைப் பார்த்திருந்த பக்கம் பளபளப்பில்லாத கறுப்பாக, கடுகு முதல் கொத்தமல்லி விதை அளவிலான குமிழ்கள் நெருங்கிய பரப்பாக இருக்கும். விரலால் தேய்த்தால் கரி ஒட்டும். உடைந்த பக்கம் பளிச்சென்று, கூரிய விளிம்போடு இருக்கும். குமிழ்ப் பரப்பே இல்லாமல் வழவழப்பாக இருந்தால், நீரோட்டம் தேய்த்திருக்கலாம், அல்லது கூடையின் சங்கிலி உரசி மேல் மில்லிமீட்டர்களைக் கொண்டுபோயிருக்கலாம். அந்தக் கல்லில் "இன்று" என்னும் புள்ளி இல்லை.

அடிப்பாறை என்னவென்று குறித்துக்கொள்ளுங்கள்: பசால்ட்டா, எரிமலைக் கண்ணாடித் துகள்பாறையா, சுண்ணாம்புக் கல்லா, பாஸ்பேட் பாறையா? கல்லின் எல்லாப் பக்கமும் ஓடு மூடியிருந்தால் அது சரிவில் உருண்டு கிடந்த கல். வளர்ந்த காலத்தில் ஒருமுறையாவது புரண்டிருக்க வாய்ப்பு உண்டு. தேர்வு உங்கள் கையில் இருந்தால் இதை விட்டுவிட்டு, ஒருபக்க ஓட்டை எடுங்கள்.

3. வெட்டுதல்

ஓடு பார்க்கத்தான் கல். உள்ளே கடற்பஞ்சு மாதிரி துளைகள். அதன் கன அளவில் பாதிக்கும் மேல் வெற்றிடம். உலர்ந்ததும் நொறுங்கும். அதனால் வெட்டுவதற்கு முன் பக்கவாட்டில் மட்டும் எபாக்சி பூசி இறுகவிடுங்கள். மேற்பரப்பில் எபாக்சி படவே கூடாது.

வைர ரம்பம், அயனி நீக்கிய நீர். எண்ணெய் வேண்டாம், அது துளைகளுக்குள் ஏறிவிட்டால் பின்னர் எந்த அமிலத்துக்கும் வழிவிடாது. வளர்ச்சித் திசைக்கு இணையாக, அதாவது மேற்பரப்புக்குச் செங்குத்தாக, மூன்று பலகைகள் எடுங்கள்:

- முதலாவது, 1 செ.மீ. தடிமன்: தூள் எடுக்க
- இரண்டாவது, மெருகேற்றிய மெல்லிய பலகை: வேதி வரிசைக்கும் நுண்ணோக்கிக்கும்
- மூன்றாவது: தொடாமல் பெட்டியில் வைக்க

மூன்றாவது பலகை வீண் என்று தோன்றும். ஆய்விதழ் மதிப்பாளர் "அந்த 14 மி.மீ. அடுக்கை மறுபடி அளந்து காட்டுங்கள்" என்று கேட்கும் நாளில் உங்களைக் காப்பாற்றப்போவது அதுதான்.

மூன்றையும் அடுத்தடுத்து வைத்து, அளவுகோலோடு படமெடுத்து, ஆழக் குறிகளை நிரந்தர மையால் விளிம்பில் போடுங்கள். சுழியம் எந்தக் குமிழின் உச்சி என்று படத்தில் அம்புக்குறி இடுங்கள். பெரிலியத்துக்கு ஒரு சுழியம், கோபால்ட்டுக்கு வேறொரு சுழியம் என்று ஆகிவிட்டால், 1 மி.மீ. வித்தியாசமே ஐந்து லட்சம் ஆண்டுப் பிழையாகிவிடும்.

4. வேதி வரிசை: முதல் அளவீடு

மெருகேற்றிய பலகையில் மேலிருந்து அடிவரை 50 அல்லது 100 மைக்ரோமீட்டர் இடைவெளியில் மின்துகள் நுண்ணாய்வியாலோ லேசர் ஐசிபி-எம்எஸ் (லேசரால் ஆவியாக்கித் தனிமங்களை அளக்கும்) கருவியாலோ வரிசையாகப் புள்ளிகள் அளக்கச் சொல்லுங்கள். தேவையான தனிமங்கள்: மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல், தாமிரம், டைட்டானியம், கால்சியம், பாஸ்பரஸ், சிலிக்கான், அலுமினியம். ஒரு பலகைக்கு இரண்டு, மூன்று நாள் கருவி நேரம் போதும். மொத்த வேலையில் செலவுக்கேற்ற பலன் அதிகம் தரும் படி இதுதான்.

வந்த எண்களை மூன்று விதமாகச் சல்லடை போடுங்கள்.

மாங்கனீசு–இரும்பு விகிதம்: கடல்நீரிலிருந்து மட்டும் படிந்த ஓட்டில் இது பொதுவாக 0.5-க்கும் 2.5-க்கும் நடுவே இருக்கும். திடீரென்று பல மடங்கு எகிறினால் வெந்நீர் ஊற்றின் கைவரிசை. அங்கே வளர்ச்சி மிக வேகம், கோபால்ட் கணக்கு செல்லாது.

சிலிக்கானும் அலுமினியமும் சேர்ந்து ஏறினால் மண்துகள் கலந்த அடுக்கு.

கால்சியமும் பாஸ்பரசும் சேர்ந்து ஏறினால் பாஸ்பேட் ஏறிய அடுக்கு. பசிபிக்கின் தடித்த பழைய ஓடுகளில் கீழ்ப்பகுதி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கண்ணுக்கே தெரியும்: கறுப்புப் பலகைக்குள் வெளிறிய மஞ்சள், கிரீம் நிற நரம்புகள் ஓடும். இந்த அடுக்கில் கோபால்ட்டின் ஒரு பகுதி வெளியேறியிருக்கும். பாஸ்பரஸ் எடையில் 1 சதவீதத்தைத் தாண்டும் புள்ளிகளைக் கோபால்ட் கணக்கிலிருந்து நீக்கிவிடுவது பாதுகாப்பான வழி.

5. கோபால்ட் கணக்கு: முதல் வரைவு வயது

கருதுகோள் எளியது. கடல்நீரிலிருந்து கோபால்ட் ஏறத்தாழ ஒரே வேகத்தில் வந்து சேர்கிறது. ஓடு மெதுவாக வளர்ந்தால் கோபால்ட் செறியும், வேகமாக வளர்ந்தால் நீர்த்துப்போகும். மான்ஹைமும் லேன்-போஸ்ட்விக்கும் 1988-ல் தந்த சூத்திரம்:

சீராக்கிய கோபால்ட் = கோபால்ட் × 50 ÷ (இரும்பு + மாங்கனீசு)
வளர்ச்சி வேகம் = 0.68 ÷ (சீராக்கிய கோபால்ட்)^1.67

எல்லாம் எடைச் சதவீதத்தில். விடை பத்து லட்சம் ஆண்டுக்கு இத்தனை மி.மீ. என்று வரும்.

ஒரு புள்ளியில் மாங்கனீசு 22, இரும்பு 18, கோபால்ட் 0.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சீராக்கிய கோபால்ட் 0.625. வேகம் 1.49 மி.மீ. கோபால்ட் மட்டும் 0.25 ஆகக் குறைந்தால் வேகம் 4.74 மி.மீ. கோபால்ட் பாதியானதும் வேகம் மூன்று மடங்குக்கும் மேல் ஆகிவிட்டதைக் கவனியுங்கள். அளவீட்டின் சிறு பிழைகூட விடையில் பெருகித்தான் வரும்.

இப்போது மிக அதிகம் பேர் விழும் பள்ளம். மேல் 10 மி.மீ. 1.49 வேகத்திலும், அடுத்த 10 மி.மீ. 4.74 வேகத்திலும் வளர்ந்தன. மொத்த வயது என்ன? இரண்டு வேகங்களின் சராசரி 3.1; 20-ஐ அதால் வகுத்தால் 64 லட்சம் ஆண்டு. இது தவறு. ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகக் காலம் கண்டு கூட்ட வேண்டும்: 67 லட்சம் + 21 லட்சம் = 88 லட்சம் ஆண்டு. வேகத்தைச் சராசரி எடுக்காதீர்கள், காலத்தைக் கூட்டுங்கள்.

புட்டியானஸ், ஹால்பாக் இருவரும் தந்த வேறொரு சூத்திரமும் புழக்கத்தில் உண்டு: 1.28-ஐக் (கோபால்ட் – 0.24) என்பதால் வகுப்பது. அதே 0.5 சதவீதக் கோபால்ட்டுக்கு இது 4.9 மி.மீ. வேகம் சொல்கிறது. முன்னது சொன்னதோ 1.49. கோபால்ட் 0.24-ஐ நெருங்கினால் விடை வானத்துக்கே போய்விடும். ஆகவே கோபால்ட் வயதை எங்கே எழுதினாலும் எந்தச் சூத்திரம் என்று கூடவே எழுதுங்கள். சூத்திரம் சொல்லாத கோபால்ட் வயதை மேற்கோள் காட்டாதீர்கள்.

கோபால்ட் கணக்குக்கு வளர்ச்சி நின்றுபோன காலம் தெரியாது. ஓடு ஒரு கோடி ஆண்டு வளராமல் கிடந்திருந்தாலும் அந்தக் கோட்டை ஒரே அடியில் தாண்டிப் போய்விடும். அதனால் அது தருவது குறைந்தபட்ச வயதுதான்.

6. பெரிலியத்துக்கு எங்கே துளையிடுவது

வானத்திலிருந்து வரும் அண்டக் கதிர்கள் காற்றுமண்டலத்தில் பெரிலியம்-10-ஐ உண்டாக்குகின்றன. நிலப்பாறைகளின் அரிப்பால் சாதாரண பெரிலியம்-9 கடலுக்கு வருகிறது. கடல்நீரில் இரண்டும் கலந்து, ஓட்டில் அதே விகிதத்தில் படிகின்றன. அடுக்கு மூடப்பட்டபின் பெரிலியம்-10 மட்டும் சிதைகிறது. அரை ஆயுள் 13.87 லட்சம் ஆண்டு. ஒரு கோடி, ஒரு கோடியே இருபது லட்சம் ஆண்டு வரை இது நம்பகமான கடிகாரம்.

கோபால்ட் வரைவு உங்களுக்கு 2 மி.மீ. வேகம் சொல்கிறது என்றால், ஓர் அரை ஆயுள் 2.8 மி.மீ., ஒரு கோடி ஆண்டு 20 மி.மீ. அதற்குள் பத்து முதல் பன்னிரண்டு அடுக்குகள் போதும். 0–0.5 மி.மீ. அடுக்கு கட்டாயம். பிறகு 1, 2, 4, 6, 8, 10, 13, 16, 20 மி.மீ. என்று போகலாம். பலகையில் நிறமோ அமைப்போ திடீரென்று மாறும் கோடு தெரிந்தால் அதற்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று வையுங்கள். வளர்ச்சி நின்ற இடங்கள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அளவு: 1 சதுர செ.மீ. பரப்பில் 0.5 மி.மீ. ஆழம் எடுத்தால் உலர் எடை ஏறத்தாழ 65 மி.கி. வரும். சேதாரம் போக 50 மி.கி. கைக்குக் கிடைத்தால் போதும்.

அடுக்குகள் நேர்கோடல்ல. குமிழுக்கு மேலே வளைந்து, இடையில் தாழ்ந்து ஓடும். அலை உயரம் 2 மி.மீ. இருக்கும் இடத்தில் துளைப்பானை நேராக ஓட்டினால், ஒரே தூளில் பத்து லட்சம் ஆண்டு கலந்துவிடும். மெருகேற்றிய பலகையை நுண்ணோக்கியில் பார்த்து, அடுக்குகள் தட்டையாக ஓடும் பகுதியைத் தேர்ந்தெடுத்து அங்கே மட்டும் எடுங்கள். தட்டையான இடமே இல்லையென்றால் வளைவைப் பின்பற்றும் கணினி நுண்துளைப்பான் வேண்டும்.

வெட்டுமுகத்தில் துளையிடும்போது அடியிலிருந்து மேலே வாருங்கள். காரணம் கணக்கில் இருக்கிறது. ஒரு கோடி ஆண்டு அடுக்கில் மிஞ்சியிருப்பது மேற்பரப்பு விகிதத்தில் 148-ல் ஒரு பங்குதான். அந்தத் தூளில் மேற்பரப்புத் தூள் வெறும் 1 சதவீதம் கலந்தால்கூட விகிதம் இரண்டரை மடங்காகி, ஒரு கோடி ஆண்டு அடுக்கு 82 லட்சம் ஆண்டு என்று காட்டும். இளைய தூளைப் பழைய அடுக்குக்குக் கொண்டுபோவதுதான் ஆபத்து. பழைய தூள் இளைய அடுக்கில் சிறிது விழுந்தால் பெரிய கேடில்லை. ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் முனையை நீர்த்த அமிலத்தில் கழுவி, பலகையைக் காற்றழுத்தத்தால் ஊதி, புதிய காகிதம் விரியுங்கள்.

டங்ஸ்டன் கார்பைடு முனையில் பிணைப்புப் பொருளாகக் கோபால்ட் இருக்கிறது. அந்த முனையால் எடுத்த தூளில் கோபால்ட் அளக்கவே கூடாது.

7. ஆய்வகத்தில்

ஒரு தொகுதி பதினைந்து குப்பிகள் என்று திட்டமிடுங்கள்: பன்னிரண்டு அடுக்கு, இரண்டு வெற்று மாதிரி (ஓட்டுத் தூள் இல்லாமல் அதே படிகளைக் கடக்கும் குப்பி), ஏதாவது ஓர் அடுக்கின் இரட்டை. வேலை பழகாதவருக்கு மூன்று வாரம் ஆகும்.

- 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், சில சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடோடு கரையுங்கள். குளோரின் வாயு கிளம்பும், புகைக்கூண்டுக்குள் மட்டும் செய்யுங்கள். கரையாமல் மிஞ்சும் வெளிறிய மண்துகளைச் சுழற்றிப் பிரித்து விட்டுவிடுங்கள். ஹைட்ரோபுளோரிக் அமிலம் ஊற்றி அதையும் கரைத்தால் கடல்நீரோடு தொடர்பில்லாத பெரிலியம்-9 உள்ளே வந்து விகிதத்தைக் கெடுக்கும்.
- கரைசலில் சிறு பங்கைப் பெரிலியம்-9 அளப்பதற்கு இப்போதே எடுத்து வையுங்கள். அடுத்த படிக்குப்பின் எடுத்தால் பயனே இல்லை.
- மீதியில் கேரியர் கரைசல் (அளவு தெரிந்த பெரிலியம்-9 கரைசல்) சேருங்கள், பெரிலியம் 0.25 மி.கி. வருமாறு. எத்தனை சொட்டு என்பதல்ல, எத்தனை கிராம் என்று தராசில் நான்கு தசம இடம் வரை நிறுத்து எழுதுங்கள். மாதிரியில் இயற்கையாக இருப்பது சில நூறு நானோகிராம்தான். கேரியர் அதைப்போல ஆயிரம் மடங்கு. மொத்தக் கணக்கும் இந்த எடையில்தான் தொங்குகிறது.
- எதிர்மின் அயனிப் பரிமாற்றக் குழாயில் இரும்பை நீக்கி, நேர்மின் அயனிக் குழாயில் பெரிலியத்தைப் போரான், அலுமினியம், மாங்கனீசிலிருந்து பிரியுங்கள்.
- அம்மோனியாவால் பிஎச் (pH) அளவை 8.5–9-க்கு உயர்த்திப் பெரிலியம் ஹைட்ராக்சைடாக வீழ்படிவாக்கி, தூய நீரால் இரண்டு, மூன்று முறை கழுவி, குவார்ட்ஸ் கிண்ணத்தில் 850–900 பாகை செல்சியசில் சுட்டு ஆக்சைடாக்குங்கள்.

இத்தனைக்கும் பிறகு கிண்ணத்தின் அடியில் இருப்பது 0.7 மி.கி. வெள்ளைப் பொடி, ஓர் உப்புக்கல் அளவு. மூடியைத் திறக்கும்போது எழும் நிலைமின்னூட்டமே அதைப் பறக்கவிடப் போதும். கிண்ணத்துக்கு அருகில் மின்னூட்ட நீக்கி வைத்துக்கொண்டு, நியோபியம் தூளைக் கிண்ணத்துக்குள்ளேயே சேர்த்துக் கலந்து, பிறகு கேத்தோடில் (முடுக்கிக் கருவியில் மாதிரியை ஏந்தும் சிறு உலோகக் குழியில்) அழுத்துங்கள். பெரிலியம் ஆக்சைடுத் தூள் நுரையீரலுக்கு நஞ்சு, புற்றுநோயும் தரும். முகமூடி, கையுறை இல்லாமல் இந்தப் படியில் கை வைக்காதீர்கள்.

போரோசிலிகேட் கண்ணாடிப் பாத்திரம் எங்கேயும் வேண்டாம். போரான்-10 எடையில் பெரிலியம்-10-ஐப் போலவே இருப்பதால் கருவியைத் திணறவைக்கும். டெஃப்லான், பாலிபுரொப்பிலீன், குவார்ட்ஸ் மட்டும் பயன்படுத்துங்கள்.

8. முடுக்கிக் கருவியில் இடம் வாங்குதல்

இந்தியாவில் புதுதில்லியின் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்திலும், அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடத்திலும் பெரிலியம்-10 அளக்கும் ஏஎம்எஸ் (முடுக்கி நிறைமாலை) கருவிகள் உள்ளன. விண்ணப்பத்தை வேதி வேலை தொடங்கும் அன்றே அனுப்புங்கள். பொடி தயாரானபின் அனுப்பினால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

முதல் கடிதத்திலேயே கேட்கவேண்டியவை: கட்டணம் உண்டா, உண்டென்றால் கேத்தோடு எண்ணிக்கைப்படியா, நாள் கணக்கா? வெற்று மாதிரிக்கும் கட்டணமா? கேத்தோடை அவர்கள் அழுத்தித் தருவார்களா, எந்த அளவுக் கேத்தோடு? நியோபியமா, வெள்ளியா? எந்தத் தரப் பொருளோடு ஒப்பிடுகிறார்கள்?

கடைசிக் கேள்வி மிக முக்கியம். 2007-ல் தர மதிப்புகள் திருத்தப்பட்டன. ஒரே பொருளுக்குப் பழைய எண்ணும் புதிய எண்ணும் ஏறத்தாழ 10 சதவீதம் வேறுபடும். அரை ஆயுளும் முன்பு 15.1 லட்சம் ஆண்டு என்று இருந்து, 2010-ல் 13.87 ஆனது. பழைய கட்டுரைகளின் வயதை உங்கள் வயதோடு ஒப்பிடும்முன் அவற்றை 1.089-ஆல் வகுங்கள். இதைச் செய்யாமல் "எங்கள் ஓடு வேகமாக வளர்ந்தது" என்று எழுதினால் அது வெறும் எண்மாற்றக் கோளாறு.

9. கோடு போடுதல்

ஆழத்தை மி.மீ.யில் கிடைக்கோட்டிலும், பெரிலியம்-10/பெரிலியம்-9 விகிதத்தின் இயல் மடக்கையை நிலைக்கோட்டிலும் வையுங்கள். புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் விழுந்தால் வளர்ச்சி சீரானது. பத்து லட்சம் ஆண்டுக்குப் பெரிலியம்-10 சிதையும் வீதமான 0.4997-ஐக் கோட்டின் சரிவால் வகுத்தால் வேகம். சரிவு மி.மீ.க்கு 0.25 என்றால் வேகம் பத்து லட்சம் ஆண்டுக்கு 2 மி.மீ.

கோட்டில் முறிவு வந்தால் வேகம் மாறியிருக்கிறது. முறிவுக்கு மேலும் கீழும் தனித்தனிக் கோடு போடுங்கள், குறைந்தது மூன்று புள்ளிகளாவது ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும். கோடு படிக்கட்டு மாதிரி செங்குத்தாக இறங்கினால் வளர்ச்சி நின்ற காலம். இறங்கிய அளவை 0.4997-ஆல் வகுத்தால் எத்தனை பத்து லட்சம் ஆண்டு நின்றது என்று வரும்.

மேற்பரப்பு விகிதத்தைப் பாருங்கள். பசிபிக் ஆழ்கடலில் ஏறத்தாழ 1 × 10⁻⁷, வட அட்லாண்டிக்கில் அதில் பாதி அளவு. பசிபிக் ஓட்டின் மேலடுக்கு 0.5 × 10⁻⁷ காட்டினால் மேலே ஓர் அரை ஆயுள் அளவுக்குக் காணாமல்போயிருக்கிறது, அல்லது வளர்ச்சி எப்போதோ நின்றுவிட்டது.

10. மேல்பகுதி உண்மையில் இருக்கிறதா: தோரியம்

மேலே சொன்ன ஐயத்தைத் தீர்ப்பது தோரியம்-230. அரை ஆயுள் ஏறத்தாழ 75,600 ஆண்டு. நான்கு லட்சம் ஆண்டுக்குள் தீர்ந்துவிடும். 2 மி.மீ. வேக ஓட்டில் அது மேலிருந்து 0.8 மி.மீ.க்குள் அடக்கம். ஆகவே 20–50 மைக்ரோமீட்டர் தடிமனில் உரசி எடுக்க வேண்டும், அல்லது லேசரால் படிக்க வேண்டும். உபரித் தோரியம் (ஓட்டிலுள்ள யுரேனியம் தருவதற்கும் அதிகமானது) மேலே இருந்தால் மேற்பரப்பு இன்றையது. அதில் கிடைக்கும் வேகத்தைக் கீழே முழு ஓட்டுக்கும் நீட்டாதீர்கள். ஒரு மி.மீ.யின் வேகத்தை வைத்து 80 மி.மீ.க்கு வயது சொல்வது அந்தக் கல்லுக்குச் செய்யும் அநியாயம்.

யுரேனியம்-234 கணக்கை இங்கே நம்பவேண்டாம். அது ஓட்டுக்குள் நகர்ந்துபோகிறது. அதேபோல் ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்பு முறையும் ஓட்டுக்கு உதவாது. பழைய அடுக்கின் ஸ்ட்ரான்சியம் துளைநீரோடு இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

11. கீழ்ப்பகுதிக்கு ஆஸ்மியம்

ஒரு கோடி ஆண்டைவிடப் பழைய அடுக்குகளுக்கு இருப்பது ஒப்பீட்டு முறை. கடல்நீரின் ஆஸ்மியம்-187/188 விகிதம் காலந்தோறும் ஏறி இறங்கியிருக்கிறது. இன்று 1.05 அளவில் இருக்கிறது. 3.4 கோடி ஆண்டுக்கு முன்னும், டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டுக்கு முன்னும் ஆழமான பள்ளங்கள். ஓட்டில் 1–3 மி.மீ. இடைவெளியில் அளந்து, அந்த ஏற்ற இறக்கத்தை அறியப்பட்ட வளைகோட்டின்மேல் பொருத்துகிறோம்.

மத்திய பசிபிக்கின் கரின் முகட்டில் கிடைத்த சிடி29-2 என்னும் ஓட்டை இதற்கு முன்மாதிரியாகப் படியுங்கள். முதல் பகுதியில் சொன்ன 1970–2390 மீட்டர் ஆழம் இதனுடையதுதான். கிளெம் குழு 2005-ல் ஆஸ்மியத்தால் அளந்தபோது, அதன் அடிப்பகுதி கோபால்ட் கணக்கு சொன்னதைவிடப் பழையதென்றும், நடுவில் வளர்ச்சி நின்ற காலம் இருந்ததென்றும் தெரிந்தது. கோபால்ட் தாண்டிப் போன கோட்டை ஆஸ்மியம் காட்டிக்கொடுத்தது.

கவனிக்க வேண்டியவை:

- தூளை உலோகம் படாத கருவியால் எடுங்கள்.
- அடிப்பாறைத் துணுக்கோ விண்கல் துகளோ ஒன்று கலந்தால் விகிதம் 0.13 பக்கம் சரியும். ஒரே ஒரு புள்ளி மட்டும் தாழ்ந்து நின்றால், அதைப் பெரிய நிகழ்வு என்று கொண்டாடுமுன் பக்கத்துத் தூளை மறுபடி அளங்கள்.
- கரைக்கும்போது உருவாகும் ஆஸ்மியம் டெட்ராக்சைடு எளிதில் ஆவியாகும் நஞ்சு, கண்ணைத் தாக்கும். இந்தப் படியை அனுபவமுள்ள ஆய்வகத்தில் அவர்கள் மேற்பார்வையில் மட்டும் செய்யுங்கள்.
- ஒரே தரவு வளைகோட்டில் இரண்டு இடங்களில் பொருந்தலாம். இரண்டையும் வெளியிடுங்கள்.

ஓட்டின் வயதுக்கு எல்லைச் சுவர் ஒன்று உண்டு: ஆர்கான் ஐசோடோப்பு முறையில் கண்ட அடிப்பாறையின் வயது. ஓடு தன் அடிப்பாறையைவிடப் பழையதாக இருக்க முடியாது. அதற்குமேல் அந்த எண்ணுக்குப் பொருள் ஏற்றவேண்டாம். பாறை உறைந்தபின் ஓடு தொடங்க எத்தனை லட்சம் ஆண்டும் ஆகியிருக்கலாம்.

12. காலமும் செலவும்

மாதிரி கோரிக்கை முதல் பெரிலியம் எண்கள் வரை ஓராண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுவதும் வேதி வரிசையும் ஒரு மாதம், துளையிட்டுக் கரைப்பது ஒன்றரை மாதம். மற்றதெல்லாம் காத்திருப்பு. ஆஸ்மியம் சேர்ந்தால் இன்னும் ஆறு மாதம். இரண்டாண்டு முதுகலைத் திட்டமென்றால் கோபால்ட்டோடும் பெரிலியத்தோடும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பணம் குறைவென்றால் அடுக்குகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், ஆனால் வெற்று மாதிரியைக் குறைக்காதீர்கள். பன்னிரண்டுக்குப் பதில் ஏழு அடுக்கு அளந்தும் நல்ல கோடு போடலாம். வெற்று மாதிரி இல்லாத தொகுதியில் கீழ் அடுக்குகளின் எண்ணை யாரும் ஏற்கமாட்டார்கள்.

13. வெளியிடும் அட்டவணை

ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு வரி: மேல் ஆழம், கீழ் ஆழம், தூளின் எடை, உலர்த்திய வெப்பநிலை, பெரிலியம்-9 செறிவு, கேரியர் எடை, கருவி தந்த விகிதம், வெற்று மாதிரி கழித்த விகிதம், பிழை. கீழே குறிப்பாகத் தரப் பொருள், அரை ஆயுள், கோபால்ட் சூத்திரம், நீக்கிய புள்ளிகளின் எண்ணிக்கை, நீக்கிய காரணம்.

உலர்த்திய வெப்பநிலை எதற்கு என்று கேட்கலாம். ஓடு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். திறந்து வைத்த தூளின் எடையில் பத்திலொரு பங்கு நீராகவே இருக்கக்கூடும். விகிதத்தை அது பாதிக்காது. செறிவுகளை நேரடியாகப் பாதிக்கும். 110 பாகையில் உலர்த்தி, உலர்கலத்தில் ஆறவைத்து, மூடியோடு நிறுத்த எடையைத்தான் அட்டவணையில் போடுங்கள்.

மாதிரி தந்த காப்பகத்துக்கு இந்த அட்டவணையின் பிரதியையும், பயன்படுத்தாத தூளையும், மூன்றாவது பலகையின் படத்தையும் அனுப்பிவையுங்கள். பலகையை அவர்கள் திருப்பிக் கேட்டால் பாதியை உங்களிடம் வைத்துக்கொள்ள எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு மீதியை அனுப்புங்கள்.